கும்பெனிப் பக்கம் ஆட ஆளில்லை

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வெள்ளைத்துரையைத் தெரியாத டிரைவர் கிடையாது. ஒரு நிமிஷம் முந்தி வண்டியை எடுத்தால் விசிலை ஊதி நிறுத்திவிடுவார். ஒரு நிமிஷம் பிந்தி வந்தால் நோட்டில் ஏறிவிடும். வெற்றிலை பாக்கு கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சினிமாவுக்குக்கூட இடைவேளை வரைக்கும்தான் பொறுமை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. பலகை மேல் மண்பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் நடத்துகிற கிறுக்கு. அதற்கு எதிரே உட்கார்ந்து ஆட ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். அந்த ஆளைத் தேடி எட்டு வருஷம் அலைந்தார். ஊரில் ஆளே இல்லையா என்றால், ஊர் நிறைய இருந்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மூணாறிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. யாரோ வெளிநாட்டுப் பயணி விட்டுப்போனது. ஆறு மாதம் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பார்த்தார். கேட்டு யாரும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டினார். பழைய காலத்துப் போர்களை மேசை மேல் ஆடிப் பார்ப்பதற்கான விதிமுறைகள். காலாள் ஒரு தடவைக்கு ஆறு அங்குலம் நகரலாம், குதிரை பன்னிரண்டு அங்குலம். சுட்ட குண்டு படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். பஸ் நேரங்களைப் படித்தே பழகிய கண்ணுக்கு அந்தக் கட்டங்களும் எண்களும் தித்தித்தன. பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் ஓர் அகராதியுமாக ஒன்றரை வருஷம் தலையால் தண்ணீர் குடித்து, மொத்தப் புத்தகத்தையும் தமிழில் எழுதி முடித்தார்.

பிறகு படை. வீட்டுக்குப் பின்னால் மாடுகளை விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டம்தான் அவருடைய பட்டறை. கண்மாய்க் களிமண்ணில் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு சிப்பாயாகப் பிசைந்து, நிழலில் உலர்த்தி, வர்ணம் பூசினார். ஈட்டிக்குக் குண்டூசி. குதிரை வாலுக்கு முடி வேண்டியிருந்தது. மனைவி செல்லக்கிளி தலைவாரி உதிர்ந்த முடியைச் சுருட்டி ஓட்டுச் சந்தில் செருகி வைப்பாள். அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். பழைய கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு, சாக்கில் மைதாப் பசை தடவி மலை எழுப்பினார். பார்த்தால் போடிமெட்டு மலை மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் பாளையக்காரர் படை அறுபது பேர். மறுபக்கம் சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரக் கும்பெனிப் படை அறுபது பேர். அப்படி ஒரு சண்டை அங்கே நடந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை, அவராகக் கற்பித்துக்கொண்டதுதான்.

"இந்தாருங்க, எதுக்கு இம்புட்டு மண்ணு?" என்று செல்லக்கிளி ஒருநாள் கேட்டாள்.

விளையாட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நேர்த்திக்கடன்" என்று சொல்லிவைத்தார். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முதலில் கூட்டிவந்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடை கன்னையனை. கன்னையன் பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் பாளையக்காரன் பக்கம்" என்றான். சரி, முதல் ஆட்டம்தானே என்று வெள்ளைத்துரை கும்பெனியை எடுத்துக்கொண்டார். மூன்றாவது பகடையில் கன்னையனின் ஆட்கள் எட்டுப் பேர் விழுந்தார்கள்.

"படுக்க வைய்யி" என்றார் வெள்ளைத்துரை.

"எதுக்கு?"

"செத்துட்டான்ல."

"நம்ம ஆளு எப்படிய்யா சாவான்? நீ சுட்டா செத்துருவானா?" கன்னையன் எட்டுப் பேரையும் மறுபடி நிமிர்த்தி வைத்தான். "பேருலயே வெள்ளைத்துரைன்னு வச்சிருக்க. உனக்கு அங்கதான பாசம்!"

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அதே கதைதான். தபாலாபீஸ் குமாஸ்தா வந்தார், கண்டக்டர்கள் வந்தார்கள், ராசிங்காபுரத்திலிருந்து ஒரு மிராசுதார்கூட வந்தார். ஒருத்தராவது கும்பெனிப் பக்கம் உட்கார வேண்டுமே! பாளையக்காரர் பக்கம்தான் ஆடுவார்கள், தோற்கவும் மாட்டார்கள். தோற்கிற மாதிரி தெரிந்தால் சோலி இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். வெள்ளைத்துரை வெறுத்துப்போய் ஒரு படைக்குப் பச்சையும் இன்னொரு படைக்கு மஞ்சளும் அடித்துப் பார்த்தார். வந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "இதுல எதுண்ணே நம்ம படை?"

கடைசியில் பழைய வர்ணத்தையே திரும்ப அடித்து, தானே இரண்டு பக்கமும் ஆடினார். இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு தந்திரம் செய்வார். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் அந்தத் தந்திரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தன்னைத் தானே எப்படி ஏமாற்றுவது? பகடையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குனிந்து தேடிய நாட்கள் எத்தனையோ.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம்தான் வீரணன் வந்தான். மலைமேல் ஏலத்தோட்டத்தில் ஜீப்பு ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து ஆட்களைச் சந்தைக்கு இறக்கிவிட்டால், சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு வேலை கிடையாது. பஸ் நிற்கிற இடத்தில் ஜீப்பை நிறுத்தியதற்கு வெள்ளைத்துரை சத்தம் போடப் போய், பேச்சு வளர்ந்து, எப்படியோ கொட்டத்துக்குள் வந்து நின்றான்.

"ரெண்டுல எது வேணும்?" என்று கேட்டார் வெள்ளைத்துரை. பதில் தெரிந்த கேள்விதான்.

"எதுன்னா என்னண்ணே? இந்தச் செவப்புச் சட்டைய எடுத்துக்கிறேன்."

வெள்ளைத்துரை பகடையை அவன் கையில் திணித்தார்.

ஆட்டம் சூடு பிடித்ததும் வீரணன் ஒரு இடத்தில் மறித்தான். "நில்லுங்கண்ணே. உங்க ஆளு ஏத்தத்துல ஆறு இஞ்சு எப்படிப் போவான்? மேட்டுல ஜீப்பே மொனங்கும். மூணு இஞ்சுதான்."

புத்தகத்தில் அப்படியே ஒரு விதி இருந்தது. அவசரத்தில் வெள்ளைத்துரைதான் மறந்துவிட்டார். மூன்று அங்குலத்துக்குப் பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது! வீரணன் விழுந்த ஆளைத் தானே படுக்க வைத்தான். அடிபட்ட ஆளுக்கு வெள்ளைத்துரை சொன்னபடி குங்குமப் பொட்டு வைத்தான். நினைத்து நினைத்துத்தான் காய் நகர்த்துவான். ஒரு ஞாயிறு போதவில்லை. அடுத்த ஞாயிறும் போதவில்லை. மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் வீரணனுடைய குதிரைகள் மலையைச் சுற்றித் தெற்கே வந்து நின்றன. இன்னும் ஒரு ஞாயிறு. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போர் முடியப்போகிறது. பொம்மைகளை இருந்த இடத்திலேயே விட்டு, கொட்டத்தைச் சாத்திவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க அவர் விசில் ஊதியதில்கூட ஒரு குஷி தெரிந்தது.

நாலாம் ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு இருளம்மாளின் கோழி கொட்டத்துக்குள் நுழைந்தது. கோழியைத் தேடி இருளம்மாளும் நுழைந்தாள்.

அவள் பார்த்ததை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். கதவுப் பலகை மேல் நூற்றுச் சொச்சம் மண்பொம்மைகள். எல்லாவற்றிலும் ஊசி. பாதிப் பொம்மைகள் மல்லாக்கக் கிடக்கின்றன. சிலவற்றின் மேல் குங்குமம். சிலவற்றில் பெண்பிள்ளைத் தலைமுடி. இருளம்மாளுக்கு மூன்று மாதமாக இடுப்பு வலி. குதிரைமேல் இருந்த ஒருத்தனுக்கு இடுப்பில்தான் ஊசி செருகியிருந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"செய்வெனை! எனக்கு வச்சிருக்கான் செய்வெனை! மருந்து மாத்தரையில நிக்கலையேன்னு பாத்தேன்!"

"ஆத்தா, அது வெளையாட்டு" என்றார் வெள்ளைத்துரை.

"நாப்பது வயசு ஆம்பள பொம்மை வச்சு வெளையாடுவியா?"

கூட்டம் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேலும் தப்பில்லை. டைம் கீப்பர் மந்திரவாதி என்றால் நம்பலாம். டைம் கீப்பர் மண்பொம்மை வைத்து விளையாடுகிறார் என்றால் யார் நம்புவது? விதிமுறை நோட்டை எடுத்துவந்து காட்டினார். கட்டம் கட்டமாக எண்கள். "இந்தா, எந்திரம்!" என்றது ஒரு குரல்.

கன்னையனைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. "கன்னையா, நீ ஆடியிருக்கல்ல, நீ சொல்லு."

கன்னையன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். "ஆடுனேன். வெளையாட்டுன்னுதான் அப்பச் சொன்னாரு. என் பக்கத்து ஆளு எட்டுப் பேரையும் படுக்க வைய்யி, படுக்க வைய்யின்னாரு. நான் வைக்கல. சாமி புண்ணியம்."

செல்லக்கிளி ஒரு குதிரையைக் கையில் எடுத்தாள். "இது எம் முடி."

"வாலுக்கும்மா. குதிரைக்கு வாலு வேணும்ல."

"நேர்த்திக்கடன்னு சொன்னீங்களே. எந்தச் சாமிக்கு?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப்பு வந்து நின்றது. பின்னால் சந்தைக்கு வந்த தோட்டத்து ஆட்கள் ஆறேழு பேர், முன்சீட்டில் கங்காணி. இங்கேயே இறங்கி நடக்கலாம் என்று வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத்துரை ஓடிப்போய் வீரணன் கையைப் பிடித்தார்.

"வீரணா, மூணு வாரமா நாம உள்ள என்ன செஞ்சோம்? சொல்லு."

வீரணன் கூட்டத்தைப் பார்த்தான். ஊசி குத்திய பொம்மையுடன் நிற்கிற இருளம்மாளைப் பார்த்தான். திரும்பிக் கங்காணியைப் பார்த்தான். பொம்மை விளையாடினேன் என்றால் மலை முழுக்கச் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இவனும் சேர்ந்துதான் செய்தான் என்பார்கள். கையை மெல்ல உருவிக்கொண்டான்.

"எனக்கென்னங்க தெரியும்? வருவேன், ஒரு காப்பி குடிப்பேன், போயிருவேன். இந்தக் கொட்டத்துக்குள்ள காலே வச்சதில்ல."

வெள்ளைத்துரை அதற்குமேல் வாதாடவில்லை. நூற்றிருபது பொம்மைகளையும் அவரே கூடையில் அள்ளினார். கொட்டகுடி ஆற்றில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார்கள். சுடாத மண், தண்ணீர் பட்டதும் குழைந்தது. முகம் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்க்க மனசு துடித்தது. நாலு பேர் கரையில் நின்று காவல் காத்ததால் திரும்பாமலே நடந்தார்.

அன்று சாப்பாடு போடும்போது செல்லக்கிளி, "நீங்க சொன்னத நான் நம்புறேன்" என்றாள். அவர் நிமிர்ந்தார். "ஆனா வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. செய்வெனைன்னே இருந்துட்டுப் போகட்டும். பொம்மை வச்சு வெளையாண்டாருன்னா எங்கண்ணன் வீட்டுல நான் எப்படித் தலை நிமிந்து நடக்குறது?"

அதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஆட்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பொட்டிபுரத்திலிருந்து ஒருத்தர், மலையிலிருந்து இரண்டு பேர். பங்காளிக்கு ஒன்று வைக்க வேண்டும், மருமகளுக்கு வைத்ததை எடுக்க வேண்டும். விளையாட வா என்று எட்டு வருஷம் கெஞ்சியபோது ஒரு மணி நேரம் ஒதுக்காத ஊர், இப்போது எலுமிச்சம்பழத்தோடு வாசலில் காத்திருந்தது. அத்தனை பேரையும் திட்டித் துரத்தினார். கோபக்கார மந்திரவாதி என்று மதிப்பு இன்னும் கூடியது.

சித்திரையில் ஒரு நாள் காலை வீரணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். ஆட்களை ஜீப்பில் உட்கார வைத்துவிட்டு, டைம் கீப்பர் கூண்டு ஜன்னலில் தலையை நுழைத்தான்.

"அண்ணே, மாப்பு. ஒண்ணு மட்டும் கேக்கணும். தூக்கமே வரல. தெக்க வந்த என் குதிரைய அப்படியே கீழ எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்பேன்ல?"

வெள்ளைத்துரைக்கு ஒவ்வொரு பொம்மையும் நின்ற இடம் ஞாபகம் இருந்தது. "எறக்கியிருந்தா செத்திருப்ப. ஓடைக்குள்ள எனக்குத் துப்பாக்கிக்காரன் பன்னெண்டு பேரு இருந்தான். நீ அவன எண்ணல."

வீரணன் முகம் மலர்ந்தது. "அட! நான் வடக்கயே பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணே, புதுசாச் செய்வோம். மேல எங்க ஏலக்கா ஸ்டோர்ல ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. ஒருத்தருக்கும் தெரியாம நீங்க வாங்க, நான் கொண்டாந்து விட்டுர்றேன்."

வெள்ளைத்துரைக்கு ஆசை நெஞ்சுவரை வந்தது. புது மண்ணுக்கு எந்தக் கண்மாய் என்றுகூட மனசு ஓடிவிட்டது. ஆனால் கோபமும் வந்தது.

"ஒருத்தருக்கும் தெரியாம எதுக்கு வரணும்? நான் என்ன களவா செஞ்சேன்? ஒண்ணே ஒண்ணு செய்யி. அந்தா இருக்கான்க பாரு உன் ஆளுக. அவன்ககிட்ட 'நானும் வெளையாண்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னைக்கே வர்றேன்."

வீரணன் திரும்பி ஜீப்பைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்ததை வெள்ளைத்துரை கண்ணால் பார்த்தார்.

ஜீப்பிலிருந்து கங்காணி சத்தம் போட்டார். "ஏலே வீரணா, அந்தாளுகிட்ட என்னடா பேச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றான் வீரணன். "மணி என்னன்னு கேட்டேன்."

வெள்ளைத்துரை நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒம்பது இருபது" என்றார்.