யார் நூலை இழுத்தது?

எங்கள் தெருவில் அக்காவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "கெட்டித் தையல்" என்றால்தான் தெரியும். பள்ளிச் சீருடையோ, ஜன்னல் திரையோ, இடுப்பு பெருத்தவர்களின் பேண்ட்டோ, அவள் தைத்தால் துணி கிழியுமே தவிர தையல் பிரியாது. மற்றக் கடைக்காரர்கள் மலிவு நூல் வாங்கும்போது இவள் மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுத்துக் கெட்டி நூலாக வாங்குவாள். "நூல்ல மிச்சம் பிடிச்சு மாடியா கட்டப்போறோம்?" என்பாள். கடை நடப்பதே வாடகை வீட்டின் முன்னறையில்தான். மாடிப் பேச்சு எதற்கு?

நான் அவள் தங்கை. கல்யாணம் ஆகி, அது ஒத்துவராமல், ஒற்றைப் பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றவள். ஏன் வந்தாய் என்று அன்றைக்கும் அவள் கேட்கவில்லை, இந்தப் பத்து வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் தைப்பாள். பட்டன் வைப்பதும் இஸ்திரி போடுவதும் பிசிறு எடுப்பதும் என் வேலை. தைத்து முடித்த துணியில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத்தான் பிசிறு என்போம். பிசிறைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால்கூடப் பிடித்து இழுத்துவிடுவேன். இரண்டு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒருமுறை பேங்க் மேனேஜரின் புதுப் பேண்ட் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பெட்டியின் அளவுக்குப் பொசுங்கிவிட்டது. அந்த மனிதர் வந்து தாம்தூம் என்று குதித்தார். "என் கைதான் சார், கவனிக்கல" என்று அக்கா துணிக்குக் காசு கொடுத்து அனுப்பினாள். எதற்கு உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "என்னைத் திட்டினா அவர் ரெண்டு நாள்ல மறந்துடுவார். உன்னைத் திட்டினா நீ ரெண்டு நாள் சாப்பிடமாட்டே" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

அக்கா வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். இருப்பது ஒரே மகள். படிப்புக்காகத் தொலைவில் விடுதியில் இருக்கிறாள். கிளம்பும் அன்று பாபினைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்து, "பத்திரமா பாத்துக்கோம்மா. நான் வர்றப்போ இது இருக்கணும்" என்றாள். பாபின் அவளுடைய பூனை. மெஷினுக்கு அடியில் போடும் சின்ன நூல் உருளைகளை வைக்கிற டப்பாவில் குட்டியாக இருந்தபோது சுருண்டு படுத்ததால் வந்த பெயர். எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். இஸ்திரி போட்டு அடுக்கி வைத்தால், குறிபார்த்து வெள்ளைச் சட்டை மேல்தான் படுக்கும். அக்காவோ அதை எழுப்ப மனமில்லாமல் அடுத்த சட்டையை எடுப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மகளிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். "பாபின் எங்கம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. கைத்தையலுக்கு அக்கா நாலு முழ நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்வாள். எழுந்தால் ஊசியைப் பஞ்சுப் பொட்டலத்தில் குத்திவிட்டுத்தான் எழுவாள். அன்றைக்கு யாரோ சண்டைக்கு வருவது போல வாசலில் கத்தினார்கள். ஊசியைத் துணி மேலேயே வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் இல்லை. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தோம். குண்டூசியாக ஒட்டிக்கொண்டதே தவிர அந்த ஊசி கிடைக்கவில்லை. துணியோடு துணியாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டோம். பாபினை இருவரும் நினைக்கவேயில்லை.

மறுநாள் அது சாப்பிடவில்லை. சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்றேன் நான். அதற்கடுத்த நாள் நுரை நுரையாகக் கக்கியது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு வர மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குனிந்து அதை வெளியே எடுத்தாள். தூக்கிப் பிடித்தபோது வாலுக்கு அடியில் ஒரு நூல் தொங்கியது. கருநீலம், சீருடைக் கால்சட்டை நிறம்.

"இரு, தொடாதே, டாக்டர்கிட்ட..." என்று அக்கா ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் என் கை போய்விட்டது. நான் யோசிக்கவில்லை. நூல் தொங்கியது, இழுத்தேன். நாலு விரல் நீளம் வந்து இறுகியது. இறுகினால் விட வேண்டாமா? இன்னொரு முறை சுண்டினேன். பாபின் போட்ட சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

வழக்கமான டாக்டருக்கு விடுமுறை. துணிக்கூடையில் அதைப் படுக்கவைத்து, ஊருக்கு மறுகோடியில் இருக்கும் பெரிய மிருக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அக்கா கூடைக்குள் கையை விட்டபடி இருந்தாள். நான் வெளியே தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன் மாட்டினாள். "ஊசி இரைப்பையில குத்தி நிக்குதும்மா. நூல் குடல் முழுக்க ஓடி வெளிய வந்திருக்கு. அதனால குடல் மொத்தமும் சுருங்கி ஒண்ணா சேர்ந்திருக்கு" என்றாள். எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு முனையில் முடிச்சுப் போட்டு மறுமுனையை இழுத்தால் துணி சுருங்கும். பாவாடைக்குச் சுருக்கு வைப்பது அப்படித்தான். அக்கா வாழ்நாளில் ஆயிரம் பாவாடைக்கு வைத்திருப்பாள்.

"யாராவது நூலை இழுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. இழுத்திருந்தா அது உள்ள குடலை அறுத்திருக்கும். உடனே வயித்தைத் திறக்கணும்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் இழுத்தேன்" என்றாள் அக்கா. "நாலு விரல் வந்துச்சு. அப்புறம் இன்னொரு தடவை சுண்டினேன்."

சுண்டியதைக்கூட விடவில்லை. டாக்டர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் மேல் விழுந்திருக்க வேண்டியது. முன்பணம் கட்டச் சொன்னார்கள். புது மெஷினுக்காக மூன்று வருஷம் சேர்த்தது அரைமணி நேரத்தில் போனது. பிழைக்காமல் போனால் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்ற தாளில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் ஒரு நாய் பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையை நாற்காலி நாற்காலியாக இடித்துக்கொண்டு திரிந்தது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். "அக்கா, நான் உள்ள போய்ச் சொல்லிடறேன்" என்றேன். "சொன்னா அறுந்த குடல் ஒட்டிக்குமா? பேசாம உட்காரு" என்றாள்.

டாக்டர் ஒரு தட்டோடு வந்தாள். ஊசியும் நூலும் அதில் இருந்தன. நூல் ஓர் இடத்தில்கூட நைந்திருக்கவில்லை. "ரொம்பக் கெட்டி நூல்மா. சாதா நூலா இருந்தா நடுவுலயே அறுந்து, இவ்வளவு கிழிச்சிருக்காது. நாலு இடத்துல குடலைத் தைச்சிருக்கோம்" என்றாள். நாங்கள் யார், என்ன தொழில் என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

அக்கா தட்டையே பார்த்தபடி, "தையல் நிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"மூணு நாள் தாண்டணும்மா."

அந்த மூன்று நாளும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கூண்டுக் கம்பி வழியாக ஒரு விரல்தான் போகும். அக்கா அந்த ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பாள். மாலையில் மகள் அழைத்தால், "தூங்குதும்மா" என்பாள். நான் வேண்டாத தெய்வமில்லை. வெள்ளைச் சட்டை அத்தனையையும் அதற்கே விரித்துப் போடுவதாகக்கூட மனதுக்குள் பேரம் பேசினேன். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தையல் நிற்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு மகள் அழைத்தாள். அக்கா ஒளிக்கவில்லை, பாபின் போய்விட்டதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அழுகை. பிறகு, "எப்படிம்மா ஆச்சு?"

"ஊசியை வெளியில வெச்சுட்டேன். முழுங்கிடுச்சு. நூல் தொங்கிச்சு, நான் இழுத்துட்டேன்."

நான் பாய்ந்து போனைப் பிடுங்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். முப்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை, அசைக்க முடியவில்லை. "உன்கிட்டதானே விட்டுட்டு வந்தேன்" என்றாள் மகள். போன் துண்டிக்கப்பட்டது.

"அவகிட்டயுமா பொய் சொல்லணும்? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"பெத்தவ மேல கோவிச்சுக்கிட்டா எத்தனை நாளைக்கு? தானா வந்துடுவா. சித்தி மேல மனசு விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான்டி. எனக்கு அப்புறம் உனக்கு அவளை விட்டா யாரு?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். அக்காவின் கணக்கு இந்த முறை தப்பிவிட்டது. ஆறு மணியானால் மெஷினை நிறுத்திவிட்டு, போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அடிப்பதில்லை. என் போன்தான் அடிக்கிறது.

இன்றும் அடித்தது. "அம்மா சாப்பிட்டாங்களா சித்தி?" என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். பிறகு, "நீ பக்கத்துலதானே இருந்தே? நீயாவது அம்மா கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கக் கூடாதா சித்தி?" என்றாள்.

மெஷினுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"தோணலைடா" என்றேன்.