மன்னிப்புக் கேட்ட கோல்

ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி வீட்டுக்கு வந்து ஐந்தாறு மாதமாகியும் மாக்கஸ் தன் பையைப் பிரிக்கவில்லை. உடுப்பைப் பைக்குள்ளிருந்து எடுப்பான், உடுப்பான், தோய்ப்பான், மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைப்பான். அலுமாரியில் தாய் எமில்டாவின் சேலைகளும் குளிர்ச்சட்டைகளும் அப்படியே தொங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் தன்னுடைய சட்டையைக் கொழுவ அவனுக்குக் கை வரவில்லை. எமில்டா மாசி மாதத்தில் செத்துப்போனாள். செத்தவீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஓடி வந்தவன் திரும்பிப் போகவில்லை. போவதற்கு அங்கே ஒரு கழகமும் அவனைக் கூப்பிடவில்லை என்பதுதான் உண்மை.

வயது முப்பத்துமூன்று. வலது முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. இப்போது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். விடிய எழும்பிக் காரில் போவான், பின்னேரம் வருவான், தாய் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமல் பாதுகாத்த சோபாவில் இருந்து சாப்பிடுவான். சத்தம் போட்டுச் சிரிக்கவும் பயம். கீழ்வீட்டுக்காரர் யாரென்று அவன் கண்டதில்லை. ஆனால் மேலே ஒரு கதிரை இழுபட்டாலும் விளக்குமாற்றுத் தடியால் கூரையில் மூன்று இடி இடிப்பார். எமில்டா தேங்காய் திருவுவதற்குக்கூடத் திருவலைக்குக் கீழே தலையணை வைத்தவள் என்றால் பாருங்கள்.

இந்த மனிதன் பதினாறு வருடம் இங்கிலாந்தில் காற்பந்து ஆடிச் சம்பளம் வாங்கினான். சொன்னால் நம் சனம் முதலில் கண்ணை விரிக்கும்.

"ஆ! டீவியிலை வாற ரீமோ?"

"இல்லை அங்கிள். கீழை, மூண்டாம் நாலாம் டிவிஷன்."

"ஓ..." விரிந்த கண் சுருங்கிவிடும். பிறகு வீட்டு விலை, குளிர் என்று கதை மாறும்.

பதினேழு வயதில் லண்டனில் இருந்த தாய்மாமனிடம் போனவனை ஒரு கழகம் எடுத்தது. கொஞ்சக் காலத்தில் விட்டது. இன்னொன்று எடுத்தது. அது அவனை லோனில் அனுப்பியது. லோன் என்றால் இரவல்தான். ஒரு கழகம் தனக்கு இப்போதைக்குத் தேவைப்படாத ஆட்டக்காரனை இன்னொரு கழகத்துக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் கொடுத்து வாங்கும். பக்கத்து வீட்டுக்கு இரவல் போன திருவலைபோல மாக்கஸ் அந்தத் தீவு முழுக்கச் சுற்றினான். வியாழக்கிழமை தொலைபேசி வரும், வெள்ளிக்கிழமை ரயில் ஏறுவான், சனிக்கிழமை பெயர் தெரியாத பத்துப்பேரோடு மழைக்குள் ஓடுவான். முன்களத்தில் நிற்பவன் கோல் அடித்தால் கெட்டிக்காரன், அடிக்காவிட்டால் அடுத்த ரயில். நடுத்தரமாக அடித்தான். ஆகையால் நடுத்தரமாகவே அலைந்தான். ஊரூராக வாடகை அறை, மாடிப்படியில் நாய் மணம், இரவில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கிய சோறு. பன்னிரண்டு கழகம். கூட ஆடியவர்களின் பெயரைப் பாடமாக்குவதை நாலாவது கழகத்தோடு விட்டுவிட்டான். பாடமாக்கி முடிய வெளிக்கிடும் நேரம் வந்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்பு விளையாடிய கழகத்துக்கு எதிராக நீ கோல் அடித்தால் துள்ளக்கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, "குறை நினையாதையுங்கோ" என்பதுபோல் அந்தச் சனத்தைப் பார்த்துவிட்டு அமைதியாக நடக்கவேண்டும். சோறு போட்ட வீட்டுக்கு மரியாதை. நல்ல வழக்கம்தான், இரண்டு மூன்று கழகத்தில் ஆடியவனுக்கு. அதே கீழ்ப்பிரிவுகளுக்குள் பன்னிரண்டு இடத்தில் ஆடியவனுக்கு எதிரே வருவதெல்லாம் பழைய வீடாகத்தான் இருக்கும். கடைசிக் காலங்களில் மாக்கஸ் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் மன்னிப்புக் கோல்கள். பந்து வலைக்குள் போனதும் கைகள் தாமாக எழும்பிவிடும்.

எமில்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் அதையே கேட்டாள்.

"மகன், எங்கட ஆக்களுக்கு ஒரு கோல் அடிச்சுக் காட்டன். ஒரேயொரு கோல். அதுக்குப் பிறகு நீ எங்கையெண்டாலும் போ."

"நெக்ஸ்ட் சமர் அம்மா."

எங்கட ஆக்கள் என்றால் அவளுடைய கடற்கரை ஊர்ச் சனம். ரொறொன்ரோவில் நம்மவர்களின் கோடைகாலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஒரு ஒன்றியம், ஒன்றியத்துக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு கூடாரம். தாய்நாட்டில் பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்து எல்லைச் சண்டை பிடித்தவர்கள் இங்கே ஸ்காபரோப் பூங்காவில் அதைப் பந்தால் தொடர்வார்கள். எமில்டாவின் ஊருக்குக் கழகம் நீலக்கரை. மாக்கஸின் தகப்பன் ஊருக்குக் கழகம் செங்கதிர். அவள் மாதாவைக் கும்பிடும் வேதக்காரி, அவர் சைவக்காரர். காதலித்துக் கட்டி, கனடா வந்து, மாக்கஸுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் மொன்றியலுக்கு, வேறொரு குடும்பத்திடம் போய்விட்டார். ஆள் போனாலும் ஊர் போகாதே. பிள்ளை தகப்பன் ஊர்தான் என்பது நம்மிடையே எழுதாத சட்டம். ஆகவே பதினாறு வயதுவரை மாக்கஸ் செங்கதிருக்குத்தான் ஆடினான்.

பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது எமில்டா. செங்கதிர்க் கூடாரத்தில் அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்க ஆளில்லை. எதிர்ப்பக்கம் நீலக்கரைக் கூடாரத்தில் அவளுடைய சொந்தக்காரர் நிற்பார்கள். அங்கே போனால் எதிரணிப் பெடியனின் தாய். இரண்டு கூடாரத்துக்கும் நடுவில், மூலைக்கொடிக்குப் பக்கத்தில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி தனியே நிற்பாள். கோல் அடித்துவிட்டு மாக்கஸ் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது அவனுக்கு நினைவிருக்கிறது. அந்த மூலையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய சனத்தின் நடுவில் இருத்தவேண்டும். அதுதான் அந்த ஒரு கோலின் பொருள். ஆனால் கோடைகாலத்தில்தான் இங்கிலாந்தில் புதுக் கழகம் தேடவேண்டும், ஒவ்வொரு வாசலாகப் போய்க் கால் வலிக்கவில்லை என்று பொய் சொல்லிப் பயிற்சி காட்டவேண்டும். நெக்ஸ்ட் சமர், நெக்ஸ்ட் சமர் என்று பதினாறு கோடை போனது.

ஆடி மாதம் பேர்ணடெற் அன்ரி தொலைபேசி எடுத்தாள். எமில்டாவின் ஒன்றுவிட்ட தங்கை; நீலக்கரைக் கழகத்துக்கு முகாமையாளர், சட்டை தோய்ப்பவர், றோல்ஸ் பொரிப்பவர், நடுவரோடு சண்டை பிடிப்பவர் எல்லாம் அவள்தான்.

"மாக்கஸ், ரூர்ணமெண்டுக்கு எங்களுக்கு விளையாட வாறியா?"

"முழங்கால் சரியில்லை அன்ரி."

"முழங்காலை நான் கேக்கேல்லை. வாறியா?"

"வாறன்," என்றான். சொன்ன பிறகு அந்த வெறும் வீட்டுக்குள் அவன் இரண்டு தரம் முன்னும் பின்னும் நடந்தான். பதினாறு வருடத்தில் ஒரு கழகம், கோலைக் கேட்காமல் அவனைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் செங்கதிரின் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா சும்மா இருப்பாரா? பெடியன் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஆண்டுமலரில் 'எமது மண்ணின் மைந்தன்' என்று படம் போட்டவர் அவர். ஒருநாளும் ஒரு வார்த்தை எழுதி விசாரித்தவர் அல்லர். ஆனாலும் மைந்தன் மைந்தன்தானே. தேநீர்க் கடையில் கூடிய போட்டிக்குழுவில் எழும்பினார்.

"பெடியன் தேப்பன் வழியிலை எங்கட ஊர். நீலக்கரைக்கு விளையாடேலாது. சட்டம் சட்டம்தான்."

பேர்ணடெற் மேசையில் கையை ஊன்றினாள். "வளத்தது ஆர்? உங்கட ஊரோ? மழைக்கை பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வந்து நிண்டவளுக்கு ஒரு பிளேன்ரீ குடுத்தனீங்களோ? உவன் எமில்டாவின்ரை பிள்ளை. எமில்டா எங்கட பிள்ளை. இதுக்கு மேலை கதைச்சா நான் ரீமையே வித்றோ பண்ணுவன்."

நீலக்கரை இல்லாவிட்டால் போட்டிக்கு வரும் சனத்தில் பாதி இல்லை, றோல்ஸும் இல்லை. குழு ஒத்துக்கொண்டது. மாக்கஸ் பின்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். தனக்காக ஒருவர் மேசையில் கை ஊன்றிக் கதைப்பதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் கிழமை முழுவதும் நீலக்கரைப் பெடியன்கள் எல்லாருடைய பெயரையும் பாடமாக்கினான்.

இறுதியாட்டம் நீலக்கரைக்கும் செங்கதிருக்கும்தான் வந்தது. வேறெப்படி வரும்? ஸ்ரீஸ்கந்தராசாவே ஒலிவாங்கியில் நேர்முக வர்ணனை. ஒன்றுக்கு ஒன்று. முழங்கால் பொருமிப்போய் மாக்கஸ் பாதி நேரம் நடந்தான், பாதி நேரம் நின்றான். ஆனால் எங்கே நிற்கவேண்டும் என்பது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. முடியப்போகும் நேரம் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக வந்தது. கோல் காவலாளிக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு பாதம் அளவு இடம். தட்டிவிட்டான். கோல்.

நீலக்கரைக் கூடாரம் எழும்பிக் கத்தியது. ஒன்பது பெடியன்கள் கையை விரித்துக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மாக்கஸின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே எழும்பின. உள்ளங்கைகள் செங்கதிர்க் கூடாரத்தைப் பார்த்தன. தலை குனிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நடுக்கோட்டை நோக்கித் திரும்பி நடந்தான்.

ஓடி வந்த பெடியன்கள் பாதியில் நின்றார்கள். விரித்த கைகளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செங்கதிர்க் கூடாரமோ எழும்பி நின்று கைதட்டியது. ஒலிபெருக்கியில் ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் தழுதழுத்தது.

"பாருங்கோ! கோலை அடிச்சுப்போட்டு எங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறான் எங்கட பிள்ளை! ரத்தம் விடுமே? ரத்தம் விடுமே?"

அப்போதுதான் மாக்கஸுக்குத் தான் செய்தது விளங்கியது. தாய் நின்ற மூலைக்கொடியைப் பார்த்தான். அங்கே யாருடையதோ ஒரு குழந்தைத் தள்ளுவண்டி நின்றது. இனித் திரும்ப ஓடிப்போய்த் துள்ள முடியாது. ஊதல் ஊதிப் பந்து நடுவுக்குப் போய்விட்டது.

நீலக்கரை வென்றது. கிண்ணத்தோடு படம் எடுத்தார்கள். மாக்கஸை ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் இழுக்கவுமில்லை; ஓரத்தில் நின்றான். பிறகு ஸ்ரீஸ்கந்தராசா வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, வாற வருசம் உன்ரை இடம் எங்களிட்டைத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பேர்ணடெற் அன்ரி அதைக் கேட்டும் கேளாதவளாகப் பெரிய கறுப்புப் பையில் சட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மாக்கஸ் தன்னுடைய சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து நீட்டினான். பன்னிரண்டு இடத்திலும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தவன்.

"ஏன் ராசா கையைத் தூக்கினனீ?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவன் தெரிந்த தமிழில், தெரியாத இடத்தில் ஆங்கிலம் போட்டு, அந்த வழக்கத்தைச் சொன்னான். பழைய ரீமுக்கு அடித்தால் ரெஸ்பெக்ற். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எத்தினை ரீமுக்கடா விளையாடினனீ?"

"ருவெல்வ்."

"அப்ப நீ எங்கைதான் சந்தோசப்பட்டனீ?"

அவன் சட்டையை இன்னொரு மடிப்பு மடித்து மறுபடி நீட்டினான்.

"கொம்மா கேட்ட கோல் அது," என்றாள் பேர்ணடெற். "அதுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிட்டியே." மடித்த சட்டையை அவள் வாங்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. யாரோ கூப்பிட, பையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இருந்தது. சட்டை கையில்தான் இருந்தது. பையைத் திறந்தான், மூடினான். பிறகு தாயின் அலுமாரியைத் திறந்து, அவளுடைய நீலச் சேலைக்குப் பக்கத்தில் அதைக் கொழுவினான். நீலக்கரைச் சட்டை, வியர்வை மணம் சேலைகளில் ஏறும் என்று தெரிந்தும் கொழுவினான். சுவரில் எமில்டாவின் படம் கைப்பையோடு நின்றது. தனக்கு இப்படி ஒரு தாய் இருந்தாள், அவளுக்குத் தான் கொடுக்கவேண்டியிருந்த ஒன்றையும் கை தவறவிட்டான் என்று நினைக்க அழுகை வந்தது. அழுதான். துடைக்க ஒருவரும் இல்லாததால் தானே துடைத்தான்.

பிறகு அறையின் நடுவில் வந்து நின்று, நல்ல முழங்காலை நம்பி, ஒரு துள்ளல் துள்ளினான்.

பொத்தென்று விழுந்தான். மேசையில் கோப்பை ஆடியது. உடனே கீழேயிருந்து இடி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

மாக்கஸின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே எழும்பின. நிலத்தைப் பார்த்து, "ஸொறி," என்று வாய் திறந்தான். திறந்த வாயோடு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். கீழ்வீட்டுக்காரர் இன்னொரு முறை இடித்தார்.

கைகளை இறக்கினான், ஊன்றி எழும்பினான். தாயின் படத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, முழங்கால் நோக நோக, இன்னும் ஒருமுறை துள்ளினான்.