ஒரே பானைக் கஞ்சி

ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், முத்துப்பேட்டைக்குக் கிழக்கே எங்கள் மீனவர் குப்பத்தில் அக்கரைப் பையன்கள் இயக்கம் இயக்கமாக வந்து தங்கியிருந்தார்கள். ஓர் இயக்கம் தென்னந்தோப்பில், இன்னொன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் வலைக் கொட்டகையில். எதிரி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. திடீரென்று ஒருநாள் தலைவர்கள் கைகோத்துக் கூட்டணி என்றார்கள். பேப்பரில் வந்த அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டினார்.

கொட்டகைப் பையன்களில் ஒருவன் என்னிடம் ஒட்டிக்கொண்டவன். குழம்பில் தேங்காய்ப்பால் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே மறுசோறு கேட்பான். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"ஒருத்தரும் மற்றவரின்ர முகத்தைப் பாக்கேல்லை, அக்கா."

அவர்களை அக்கரையில் கொண்டுபோய் விடுவது என் வீட்டுக்காரர் படகுதான். கூட்டணி வந்ததும் இரண்டு இயக்கத்தையும் சேர்த்தே ஏற்றச் சொன்னார்கள். அவன் ஏற மாட்டேன் என்று நின்றான். எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: எவ்வளவு பகை இருந்தாலும், கடலில் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தவர்கள் கரையேறிய பின்னும் கை ஓங்கமாட்டார்கள். இவர் அதை அப்படியே நம்பினார்.

"கஞ்சியக் குடிச்சிட்டா எல்லாரும் ஒண்ணுதான். ஏறு தம்பி" என்றார். அவன் ஏறினான். கஞ்சிப் பானையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோரும் குடித்தார்களாம். இறக்கிவிட்டுப் படகைத் திருப்பியதும் கரையில் வெடிச்சத்தம். சுட்டது ராணுவமா, கூடப் போனவர்களா என்று இவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் கூட்டணி உடைந்து, இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் செய்தி வந்தது. அன்று படகில் போன தோப்பு இயக்கத்துப் பையன் ஒருவன் திரும்பி வந்து மறுபடி படகு கேட்டான். எங்கள் பையன் எங்கே என்று இவர் கேட்டார். அவன் டீயைக் குடித்து முடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான், போய்விட்டான். அதற்குப் பிறகு இவர் யாரையும் ஏற்றவில்லை.

செத்தானா, இருக்கிறானா? யாரிடம் கேட்பது? எங்களுக்குத் தெரிந்தது அவன் இயக்கப் பெயர்தான்; அது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. ஆடி அமாவாசையன்று இறந்தவர்களுக்கு விளக்கின் முன் இலை போட்டுப் படைப்போம்; படைப்பது வீட்டு ஆம்பிளைதான், எங்கள் வீட்டில் இவர் ஒருவர்தான். உயிரோடு இருப்பவனுக்கு அப்படிப் போட்டால் அவன் ஆயுசுக்கு ஆகாது. அதனால் அவன் இலையை மட்டும் நாங்கள் சாப்பிடும் வரிசையில், தன் பக்கத்தில் போடச் சொல்வார் இவர். பாயசத்தில் தேங்காய்ப்பாலைக் கூடுதலாகவே விடுவேன். ஆள் இல்லாத அந்த இலைக்கு எதிரேதான் நான் உட்காருவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதாக எத்தனையோ முறை எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் இவர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அமாவாசையன்று வழக்கம்போல அவன் இலையை வரிசையில் போட்டேன். இவர் குனிந்து அதை எடுத்து விளக்கின் முன் கொண்டுபோனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவன் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நான் போயிட்டா அவனுக்கு யாரு போடுவா?" என்றார்.

கையை விட்டேன்.