முப்பதுக்குள் ஓட்டிய ஸ்வெட்டர்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்குத்தான் தலைவலி. இவர் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி என்றதும், யாரும் கேட்காமலே துணி துவைக்கும் வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் வாயைப் பிளந்தார்கள்.

"பஸ்ஸையே கழுவினவன், பனியனைத் துவைக்க மாட்டேனா?" என்றார். அதோடு பேச்சு அடங்கியது.

அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. சட்டைப்பைகளைத் துழாவுவார், சாயம் போகிறதைத் தனி வாளியில் போடுவார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எப்படித் துவைப்பதென்று சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சலவைச் சீட்டைப் பார்ப்பார். "ரோட்டுல போர்டு பார்க்காம ஓட்டலாமா?" என்பார். மற்றவர்களோ, உறுத்துகிறது என்று அந்தச் சீட்டை முதல் நாளே கத்தரித்து எறிகிற கூட்டம்.

மருமகள் ஒரே ஒரு சீட்டைத்தான் கத்தரிக்காமல் விட்டிருந்தாள். அது அவளுடைய செத்துப்போன அப்பாவின் கம்பளி ஸ்வெட்டரில் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கிவந்தது அந்த ஸ்வெட்டர் ஒன்றுதான். குளிர்கிற காலைகளில் வேலைக்குப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொள்வாள்.

அந்தச் சீட்டில் ஒரு தொட்டிப் படம், அதற்குள் 30. ஆயுசெல்லாம் வண்டி ஓட்டினவருக்கு முப்பது என்றால் வேகம்தானே? மெஷின் சுழலும் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தார். அழுக்கு நன்றாகப் போகட்டுமென்று சூட்டை ஏற்றிவிட்டார். முப்பது என்பது தண்ணீரின் சூடு, அதைத் தாண்டக் கூடாது என்று பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

ஸ்வெட்டர் சின்னக் குழந்தைக்குப் போடுகிற அளவில் வெளியே வந்தது. 

"மெஷின் மேல பழியைப் போட்டுடுங்க," என்று மனைவி காதைக் கடித்தாள்.

அவர் கேட்கவில்லை. மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரே போய் நின்றார். "நான்தான்மா கெடுத்துட்டேன். சீட்டைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்."

அவள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று மாமனார், மருமகள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் தெருமுனைச் சலவைக் கடைக்காரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வழி சொன்னாள். "தலைக்குப் போடுற கண்டிஷனரை வெதுவெதுப்பான தண்ணியில கலந்து ஊறப்போடுங்க. முறுக்காதீங்க. துண்டு மேல பரப்பி, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துவிடுங்க. முழுசா வரும்னு சொல்ல மாட்டேன், அண்ணே."

சாப்பாட்டு மேசை ஸ்வெட்டருக்குப் பறிபோனது. எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பெரிய பஸ்ஸை ஒடித்துத் திருப்பிய கைகள் அந்தக் கம்பளியை விரல் நுனியால் இழுத்தன. காயும், மறுபடி நனைப்பார், மறுபடி இழுப்பார். அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது! மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உடம்புப் பகுதி மீண்டது. கை மட்டும் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. மருமகள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கெல்லாம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வார முடிவில் அவர் துணி பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து ஸ்வெட்டரைக் குவியலின் மேல் வைத்தாள்.

"கழுத்துல அழுக்கு, மாமா."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இதை நீயே துவைச்சுக்கோம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"நீங்களே துவைங்க," என்றாள் அவள். "எங்கப்பாகூட இதை இவ்வளவு பத்திரமாப் பார்த்துக்கிட்டதில்ல."