டிரெய்லரில் என் ஸ்கூட்டருக்கு ஓர் இடம்

என் கணவர் கோயம்புத்தூரிலிருந்து பழைய முகாம் டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி. உள்ளே மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம். விடுமுறையில் தாமிரபரணிக் கரையோரம் ஏதாவது தோப்பில் தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு ஆசையைவிடப் பயம்தான் அதிகம். மகளுக்கு மூன்று வயது, அடிக்கடி மூச்சிரைக்கும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் பக்கத்தில் இல்லாத நேரம் அவளுக்கு முடியாமல் போனால்? ஸ்கூட்டரையும் ஏற்றினால் வருகிறேன் என்றேன்.

"பீரோவையும் ஏத்திருவோமா?" என்றார். இரண்டு நாள் சிரித்துவிட்டு, மூன்றாம் நாள் தச்சநல்லூரில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

நான் படம் வரைந்து வைத்திருந்தேன். படுக்கையில் தலைமாடு முன்பக்கம் என்பதால், பெட்ரோல் வாடை அண்டாமல் ஸ்கூட்டருக்கான தட்டு பின்னால். பட்டறை அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வரஞ்சிருக்கிய. ஆனா பின்பாரம் ஆயிரும்மா. ஓடயில வாலை ஆட்டும்."

"பிள்ளை தலைக்குப் பக்கத்துல பெட்ரோலை வைக்க முடியுமா அண்ணாச்சி?"

அவர் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு நாளில் தட்டைப் பின்னால் பொருத்தி, ஸ்கூட்டரையும் ஏற்றிக் கட்டி வைத்திருந்தார். காரில் மாட்டும் முன், காரோடு இணைக்கும் மூக்குக் கம்பியை என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். டிரெய்லரைப் பட்டறையில் விட்ட அன்று இரண்டு கையாலும் அசைக்க முடியாதது, இப்போது ஒரு கைக்கே எழுந்து வந்தது. வண்டி பின்னால் சாயப் பார்த்தது. பதறிப்போய்க் கம்பியை அழுத்திப் பிடித்தேன்.

"இதத்தான் சொன்னேன். மூக்கு இப்படி லேசா இருந்தா ஓடயில காரையே இழுத்துக் கவுத்துரும். வாயால சொன்னா உங்களுக்கு மனசு ஆறாது. அதான் வெல்டு வைக்காம போல்ட்டுல மாட்டுனேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து அவளையே ஆபத்தில் உட்கார்த்த இருந்தேன். அவர் குத்திக்காட்டவில்லை. தட்டைக் கழற்றி முன்பக்கம் மாற்றினார். பெட்ரோல் வாடை உள்ளே வராமல் முன் ஜன்னலைத் தகரத்தால் அடைத்து, பக்கவாட்டில் புதிதாக ஒன்று வெட்டினார். தலைமாட்டைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மூக்கில் பாரம் மிஞ்சாமலிருக்கத் தண்ணீர்க் கேன்கள் பின்னால் போயின.

கடைசியாக ஸ்கூட்டரை இறக்கிப் பழகச் சொன்னார். என் கணவர் கை கொடுக்க வந்ததும், "நீங்க அங்கன நில்லுங்க தம்பி. இவுக தனியா இறக்கணும்னுதான இவ்வளவும்?" என்றார். முதல் தடவை சரிவுப் பலகையில் சக்கரம் வழுக்கியது. "பைய, பைய. பிரேக்கை விட்டுராதிய." அடுத்த நாள் பலகையில் கம்பிகளைக் குறுக்கே பற்றவைத்திருந்தார். ஐந்து தடவை இறக்கிய பிறகுதான் விட்டார்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தங்கிய இரண்டாம் நாள், என் கணவர் காரில் சாமான் வாங்கப் போயிருந்த மதியத்தில், மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. மருந்தை உறிஞ்சவைத்தும் அடங்கவில்லை. பிரேக்கை விடாமல் பிடித்தேன், ஸ்கூட்டர் ஒழுங்காக இறங்கியது. அவளை என்னோடு சேர்த்துப் பெல்ட் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கே மருந்துப் புகை பிடித்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அப்படியே என் மடியில் தூங்கிப்போனாள்.

கணவருக்குச் சொல்லிவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணாச்சி, நான் தனியா இறக்கிட்டேன்."

"அது கிடக்கட்டும். பிள்ளைக்கு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."

தூங்குகிறாள் என்றேன். "அப்ப போனை வைங்கம்மா, முழிச்சிரப் போவுது" என்று அவரே வைத்துவிட்டார்.