இருபதாவது கூடு

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பியதும் ஆர்லிஸ் ஹௌகன் செய்கிற முதல் காரியம், வீட்டு ஹீட்டரை அணைப்பது. வெளியே விஸ்கான்சினின் ஜனவரிக் குளிர் பல்லைக் கிட்ட வைக்கும். அதைப் பார்த்தால் முடியுமா? ஹீட்டர் ஓடினால் நிலவறைக்குள் காற்று வரும். காற்று வந்தால் தராசு ஆடும். தராசு ஆடினால் அவர் கையாலேயே நிரப்புகிற துப்பாக்கித் தோட்டாவுக்குள் போகிற வெடிமருந்து ஒரு துகள் கூடும் அல்லது குறையும். ஒரு துகள் என்றால் ஒரே ஒரு துகள். அதை எண்ணி எடுக்க அவர் ஒரு சின்ன இடுக்கி வைத்திருக்கிறார்.

மேலே கூடத்தில் கணவர் டுவேன் கோட்டும், காது மூடுகிற கம்பளித் தொப்பியுமாகக் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணிக்கு ஒருமுறை படிக்கட்டுப் பக்கம் வந்து குனிவார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"நாப்பத்தாறு."

"போன தடவையும் நாப்பத்தாறுன்னுதான சொன்ன?"

"நீ கூப்பிட்டதுல கை ஆடிடுச்சு. அதைக் கொட்டிட்டு மறுபடி நிறுத்தேன். பேசாம போய் உக்காரு."

டுவேன் போய் உட்கார்ந்துகொள்வார். முப்பத்தொரு வருடக் குடித்தனம் அவருக்கு அதைக் கற்றுத் தந்திருக்கிறது.

வார நாட்களில் ஆர்லிஸ் பாலாடைக்கட்டி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருப்பார். சுற்றுவட்டாரத்துப் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அவர் எழுதுகிற எண்தான் எண். ஐம்பத்தெட்டு வயதில் இன்றுவரை எந்த எண்ணையும் முழுமையாக்கி எழுதியதில்லை. பண்ணைக்காரர் மெர்ல் ஜாஸ்ட்ரோ இருபது வருடமாக அவரோடு இதற்காக மல்லுக்கட்டுகிறார்.

"மூணு புள்ளி ஏழுன்னு போட்டா உன் வீட்டு மாடா செத்துப்போகும்?"

"மூணு புள்ளி ஆறு எட்டு, மெர்ல். வேணும்னா உன் மாட்டுக்கிட்டப் போய்ப் பேசு."

இதே மெர்ல்தான் துப்பாக்கிக் கழகத்தில் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுகிறவர். மெர்லிடம் இருப்பது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிற பழைய ரகம். ஆர்லிஸுடையது அரைத் தானியங்கி: விசையை ஒருமுறை அழுத்தினால் சுட்டுவிட்டு, வெற்றுக் கூட்டை வலப்பக்கம் வீசி எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்படி வீசிய கூடுகளெல்லாம் மெர்லின் முதுகில் விழும். அந்தக் கூடுகளில்தான் மறுபடி மருந்து நிரப்பிக் குண்டு பொருத்த வேண்டும் என்பதால், சுட்டு முடித்ததும் ஆர்லிஸ் மண்டியிட்டுப் புல்லைத் துழாவுவார். ஒன்று குறைந்தாலும் எழுந்திருக்க மாட்டார். இருபது துளை உள்ள பெட்டியில் இருபது கூடும் வாய் கீழாக நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய்விட்ட மைதானத்தில் அவர் மட்டும் நாலு காலில் தவழ்வதை ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

மாநில அணிக்கு எங்கள் கழகத்திலிருந்து ஆறு பேர் போகலாம். ஆர்லிஸ் மூன்று வருடமாக ஏழாவது. ஏழாவதுக்கு ஒரு கைகுலுக்கலும் ஒரு வறுத்த சாசேஜும் கிடைக்கும். சாசேஜை டுவேன் சாப்பிட்டுவிடுவார்.

போன வருடம் அணியில் ஓர் இடம் அவருடைய கைக்கே வந்துவிட்டுப் போனது. மெர்ல் ஒரு யோசனை சொன்னார். சுட்ட கூடு சற்று உப்பிவிடும். அதை அச்சில் கொடுத்து இறுக்கித்தான் மறுபடி நிரப்புவார்கள். "கழுத்தை மட்டும் இறுக்கு, உடம்பைத் தொடாத. உன் துப்பாக்கிக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி உக்காரும்" என்றார். உட்காரத்தான் செய்தது. நூறு கெஜத்தில் ஐந்து துளைகளைப் பத்து சென்ட் நாணயத்தால் மூட முடிந்தது. ஆர்லிஸ் அந்தக் காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார்.

மெர்லின் துப்பாக்கியில் இறுக்கமான தோட்டாவைக் கையால் தள்ளி உள்ளே அனுப்பலாம். ஆர்லிஸின் துப்பாக்கியில் தள்ளுவது ஒரு சுருள்வில். அதற்குப் பார்த்துத் தள்ளத் தெரியாது. தேர்வுப் போட்டியில், எழுபது விநாடியில் பத்துக் குண்டு சுட வேண்டிய சுற்றில், நாலாவது தோட்டா பாதி வழியில் நின்றுவிட்டது. தட்டி வெளியே எடுப்பதற்குள் நேரம் ஓடி, இரண்டு குண்டு சுடாமலே மிஞ்சியது. இருபது புள்ளி போனது. பதினோரு புள்ளியில் ஆறாவது இடம் போனது. அந்த இடத்துக்கு வந்தவர் மெர்ல்.

"நான் வேணும்னு சொல்லல, ஆர்லிஸ்."

"நீ சொன்ன. செஞ்சது நான். தள்ளு, உன் காலடில ஒரு கூடு கெடக்கு."

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டார். அதை டுவேன் மட்டும் பார்த்தார்.

இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கூட்டின் உடம்பையும் சேர்த்தே இறுக்கினார். தோட்டா இப்போது தயங்காமல் உள்ளே போனது. ஆனால் துளைகள் சிதறின. மருந்தை மாற்றிப் பார்த்தார், குண்டை மாற்றிப் பார்த்தார். ஐந்து துளைகளை நம்புவதையும் விட்டுவிட்டார். "அஞ்சு குண்டு முகஸ்துதி பண்ணும். இருபது சுட்டாத்தான் வண்டவாளம் தெரியும்" என்று டுவேனிடம் சொல்லிக்கொண்டே, உறைபனியில் இருபது இருபதாகச் சுட்டார். சிதறல் மாறவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், கூட்டில் குண்டைப் பொருத்தும்போது, அழுத்துகிற கருவியின் கைப்பிடியில் ஒரு வித்தியாசம் தட்டுப்பட்டது. சில குண்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. சில முரண்டு பிடித்தன. முரண்டு பிடித்தவற்றைத் தனியே எடுத்து வைத்தார். அந்தக் கூடுகளின் வாயை உருப்பெருக்கியில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் நசுங்கி நிமிர்ந்த தடம். வெளியே வீசப்படும்போது கூடு துப்பாக்கியின் பக்கவாட்டு மேட்டில்தான் மோதிக்கொண்டிருந்தது. நசுங்கிய வாயை அச்சு நிமிர்த்திவிடும். ஆனால் அந்த வாய் குண்டை ஒரே மாதிரி பிடிக்காது.

ஆர்லிஸ் படியேறி வந்தார். டுவேனின் தலையைப் பார்த்தார்.

"அந்தத் தொப்பியைக் குடு."

"எதுக்கு?"

"ஒரு காதுதான் வேணும்."

தொப்பியின் இடக்காதைக் கத்தரித்து, மேட்டின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். அடுத்த வாரம் சுட்ட இருபது கூடுகளும் கம்பளியில் மெத்தென்று பட்டு, மெர்லின் முதுகு வரை போகாமல் பக்கத்திலேயே விழுந்தன. ஒன்றின் வாயும் நசுங்கவில்லை. அவற்றையே நிரப்பிச் சுட்டபோது இருபது துளைகளும் ஒரு காப்பிக் கோப்பையின் அடிக்குள் அடங்கின. டுவேன் குளிர்காலம் முடிகிறவரை ஒரு காதோடு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் மாதத் தேர்வில் வேகச் சுற்றுகள் தையல் இயந்திரம்போல ஓடி முடிந்தன. மிச்சம் இருந்தது அறுநூறு கெஜம், இருபது குண்டு. முந்தைய குழுவிலேயே சுட்டு முடித்திருந்த மெர்ல் ஆறாவது இடத்தில் இருந்தார். அவரைத் தாண்ட ஆர்லிஸுக்கு இருநூறில் நூற்றுத் தொண்ணூற்றேழு வேண்டும். எங்கள் கழகத்தில் சுட்டு முடித்தவர் அடுத்தவருக்குப் புள்ளி சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கலில் ஆர்லிஸுக்கு வாய்த்தவர் மெர்ல். தொலைநோக்கியோடு பின்னால் உட்கார்ந்து, தன் இடம் பறிபோவதைத் தன் வாயாலேயே அறிவிக்கிற வேலை.

"ஒன்பது" என்றார் மெர்ல், இரண்டாவது குண்டுக்கு. ஏழாவதுக்கும் ஒன்பது. பன்னிரண்டாவதுக்குக் காற்று புரண்டது. "ஒன்பது." குரலில் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் இருந்தது.

மூன்று போய்விட்டது. இனி மீதி எட்டுக் குண்டும் பத்தாக வேண்டும்.

"எண்ணிக்கிட்டியா, ஆர்லிஸ்?"

"நான் எண்ணாம எப்ப இருந்தேன்?"

பத்து. பத்து. மெர்லின் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. பத்து. சுட்டு முடித்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஜூன் வெயிலிலும் அதிர்ஷ்டத்துக்கென்று ஒற்றைக்காதுத் தொப்பியைப் போட்டு வந்திருந்த டுவேன், பத்தொன்பதாவதுக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார்.

இருபதாவதுக்கு ஆர்லிஸ் வெகுநேரம் சுடவில்லை. புல்லின் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டார். தூரத்தில் இலக்குப் பலகை இறங்கியது. துளையில் அடையாள வில்லையோடு மெல்ல ஏறியது.

மெர்ல் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நட்டநடுவுல," என்றார் கடைசியாக. "பத்து. எனக்கு வீட்டுல மாடு கறக்கணும். நீயே போ மாநிலத்துக்கு."

பின்னால் கைதட்டல் எழுந்தது. டுவேன் அழுதார், அதை மறைக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டார், ஒரு காது போதவில்லை. ஆர்லிஸின் முகம் சிவந்து விரிந்து சிரித்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை ஆலையில் யாரும் பார்த்ததில்லை. சிரித்தபடியே மண்டியிட்டார். பத்தொன்பது கூடுகள் பாயோரத்திலேயே இருந்தன. இருபதாவதைக் காணோம்.

மெர்ல்தான் அதைத் தன் நாற்காலிக்கு அடியில் கண்டெடுத்தார். இன்னும் சுடச்சுட இருந்த கூட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நீட்டினார்.

"இதைச் சங்கிலில கோத்துக் கழுத்துல போட்டுக்க. உன் பேரப்பிள்ளைக்குக் காட்டலாம்."

ஆர்லிஸ் அதை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து, வாய் நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். நகத்தால் ஒரு மண்துகளைச் சுரண்டினார். பிறகு பெட்டியில் காலியாக இருந்த கடைசித் துளையில், மற்ற பத்தொன்பதோடு, வாய் கீழாகச் செருகி மூடினார்.