கீழ்த்தட்டுப் புஸ்தகம் யாருக்கு?

புஸ்தகக் கடையில் நிற்கிறவளுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் வாய் வேண்டும். எனக்கு இரண்டுமே குறைச்சல். எட்டாவதோடு நின்றவள் நான். தூத்துக்குடிக் கடையில் ‘வேலையில் முன்னேற’ என்று போர்டு தொங்குகிற அலமாரி என் பொறுப்பு. ஆள் வந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலாளி அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், “ஏளா, வாரவங்ககிட்ட பேசலைன்னா மாடியில பார்சல் கட்ட அனுப்பிருவேன்” என்று. கீழே என்றால் மத்தியானத்தோடு விட்டுவிடுவார்கள், அங்கன்வாடியில் இருந்து மகளைக் கூப்பிடப் போகலாம். மாடியில் வேலை முடிய இருட்டிவிடும், மகளைக் கூப்பிட வேறு ஆள் இல்லை. மாடி என்றால் எனக்கு வேலையே இல்லை என்றுதான் அர்த்தம். கூச்சத்தோடு கடையில் நிற்கிற உங்களுக்கெல்லாம் இந்தப் பயம் தெரியும்தானே?

சீட்டு ஒட்டினேன்

பேசாமல் விற்க வழி தேடினேன். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கீழ்த்தட்டு, சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு நடுத்தட்டு, மேனேஜர்மாருக்கு மேல்தட்டு என்று பிரித்துச் சீட்டு ஒட்டினேன். அவரவர் எடுத்துக்கொள்வார்கள், நான் சிரித்தால் போதும் என்று நினைப்பு.

மறுநாளே ஷிப்பிங் ஆபீசில் புதுசாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். கழுத்தில் தொங்குகிற அட்டைகூடக் கசங்கவில்லை. நேரே மேல்தட்டில் கையை விட்டு, பெரிய கம்பெனியை நடத்துவது எப்படி என்கிற தடிப் புஸ்தகத்தை எடுத்தார். நான் வாய் வராமல் கீழ்த்தட்டைக் கையால் காட்டினேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, கூட வேலை பாக்கவன் வெளிய நிக்கான். அவன் முன்னாடி என்னைக் குனிய வச்சிராதீங்க.”

மச்சான்மார்

புன்னைக்காயல்காரர் ஒருவர் பெண்சாதியோடு வந்தார். இத்தனை வருஷம் போட்டில் வலை இழுத்தவர், இப்போது அதே போட்டுக்கு டிரைவர். நடுத்தட்டு முன்னால் அவர் நின்றுகொண்டே இருந்தார். அண்ணாச்சி கல்லாவில் இருந்து என்னையே பார்க்க, “என்ன வேணும்ணே?” என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஆளுகள வேலை வாங்கணும் தங்கச்சி. அத்தனை பேரும் இவ கூடப்பொறந்தவனுவ.”

கோபப்படாமல் வேலை வாங்குவது பற்றிய புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு முன்னால் அந்த அக்கா வாங்கிப் புரட்டினார்.

“என் தம்பிய அதட்டுனா அன்னைக்கு இவருக்குச் சோறு யாரு போடுவான்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?”

ஆபீசர் குனிந்தார்

சாகுபுரம் கெமிக்கல் பாக்டரியில் பெரிய ஆபீசராக இருந்த ஒருவர் வந்தார். ஓய்வு பெற்று, மகன் தொடங்கின கம்பெனியில் போன வாரம்தான் சேர்ந்திருக்கிறார். ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிவார், கீழ்த்தட்டைப் பார்ப்பார், ஆள் வந்தால் நிமிர்ந்துகொள்வார். கயிறு இல்லாத ஷூ என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன். பாவமாக இருந்தது. கிட்டே போய் மெல்லக் கேட்டேன்.

“சார், புதுசா சேந்தவங்களுக்குள்ளது வேணுமா? இதுல நல்லதா ஒண்ணு இருக்கு. பேப்பர் சுத்தித் தாரேன்.”

“மகன் எனக்கு பாஸ்மா. கம்ப்யூட்டர்ல அவன் சொல்லுதது ஒண்ணும் விளங்க மாட்டேங்கு, கேக்கவும் வெக்கமா இருக்கு” என்று அவரும் என்னை மாதிரியே கிசுகிசுத்தார். ஒன்றுக்கு மூன்றாக வாங்கினார். பணம் கட்டும்போது அண்ணாச்சியிடம் சொன்னார்:

“இந்தப் பிள்ளைய மாத்திராதீங்க. சத்தமாக் கேட்டிருந்தா நான் அப்படியே வெளிய போயிருப்பேன்.”

மாடி

அவர் போனதும் அண்ணாச்சி எழுந்து அலமாரிக்கு வந்தார். மாடிதான் என்று நினைத்தேன். அவரே குனிந்து கீழ்த்தட்டுச் சீட்டைப் பிய்த்தார்.

“ஏளா, இனிமே சீட்டு கீட்டு ஒட்டாத. இப்ப பேசுன மாதிரியே காதோட காதாப் பேசு, மாடிக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்.”

மேலே போவது எப்படி என்று சொல்லித்தர அந்த அலமாரி நிறையப் புஸ்தகம் இருக்கிறது. மேலே போகாமல் தப்பித்ததற்குச் சந்தோஷப்பட்டது அந்தக் கடையில் நான் ஒருத்திதான்.